பிள்ளைகள் சொன்னது என்ன ஆச்சு?

கேள்வி இதுதான். வேலூர்ப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில் 25 பிள்ளைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். "சின்னப் பிள்ளைகளும் செயல்படும் குடிமக்கள்தான், அவர்களையும் முடிவெடுக்க விடுங்கள்" என்று பயிற்சியில் சொல்லி அனுப்புகிறார்கள். மூக்கைச் சிந்தத் தெரியாத பிள்ளை எப்படிக் குடிமகன் ஆகும், அதனிடம் என்னத்தைக் கேட்பது, கேட்டுப் பழக்கினால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளாதா?

ஓட்டு, வரி, ஆதார் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். 'குடிமகன்' என்றதும் டாஸ்மாக் வாசல் நினைவுக்கு வரும் அளவுக்கு அந்தச் சொல்லை நாம் பாழாக்கிவிட்டோம். 'குடி' என்றால் ஓர் ஊரைச் சேர்ந்தவர், அந்த ஊரின் நல்லது கெட்டதில் பங்குள்ளவர். அந்தக் கணக்கில் பிள்ளை பிறந்த அன்றே குடிதான். ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் இதையொட்டித்தான் பேசுகிறது: தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பை அந்தக் கருத்துக்குக் கொடுக்க வேண்டும். இந்தியா 1992 டிசம்பரில் அதில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கைக்கு விளக்கமாக ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2005இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்துரை, இது 8 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கும் பொருந்தும், பேச்சு வராத கைக்குழந்தைக்கும் பொருந்தும் என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிட்டது. முடிவை முழுதாகப் பிள்ளை கையில் கொடு என்று எங்கேயும் எழுதியில்லை.

வேலைக்கு உதவும் அளவுகோல் ஒன்று வேண்டுமானால், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரா லண்டி 2007இல் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விஷயம்: பயமில்லாமல் பேச இடம், சொல்ல ஒரு வழி, காது கொடுத்துக் கேட்க ஆள், கேட்டதால் நடக்கும் விளைவு. நம் ஊரில் முதல் இரண்டும் ஒப்பேறிவிடும். "பாப்பா, மாமாவுக்கு ஒரு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்றால் குரல் வந்துவிடும். தடுமாறுவது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். பிள்ளை சொன்னதால் எதுவுமே மாறவில்லை என்றால், கேட்காமலே இருந்திருக்கலாம். நாலு முறை கேட்டு நாலு முறையும் ஒன்றும் நடக்காவிட்டால், நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட 'இவங்க சும்மா கேக்கறாங்க' என்று புரிந்துவிடும். ஐந்தாம் முறை உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு ஓடிவிடும்.

சுதந்திர தினத்தன்று காந்தி வேடமும் பாரதியார் மீசையும் வைத்து வெயிலில் நிறுத்துவதைப் பலர் குடிமைப் பயிற்சி என்று நம்புகிறார்கள். ரோஜர் ஹார்ட் 1992இல் யூனிசெஃப் வெளியீட்டில் வரைந்த 8 படி ஏணியில், கீழே இருக்கும் 3 படிகள் பங்கேற்பே ஆகாது. பிள்ளையைக் கருவியாக்குவது, அலங்காரமாக்குவது, பேருக்குக் கேட்பது. மாறுவேடம் இரண்டாவது படி. போடவே கூடாது என்பதில்லை, பிள்ளைகளுக்கு மீசை பிடிக்கும். அதைப் பங்கேற்பு என்று பதிவேட்டில் எழுதாமல் இருந்தால் போதும்.

இது நமக்குப் புதிய கதையுமில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது, 10ஆம் நூற்றாண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க, விஷயம் ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைத்தான் கூப்பிடச் சொல்கிறது அது. ஊர்ச்சபையின் நடுவிலேயே பிள்ளை நிற்கிறான், ஆனால் அவன் கை மட்டும்தான் வேண்டியிருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதே தகுதி. இன்று நாம் மாற்ற வேண்டியது அந்த இடத்தைத்தான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சொதப்பல் இங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளையின் உடம்பைப் பற்றியதை அந்தப் பிள்ளையிடம் மட்டும் கேளுங்கள். அதற்கு ஓட்டெடுப்பு கிடையாது. எங்கே படுப்பது, எவ்வளவு சாதம், கன்னத்தைக் கிள்ளலாமா என்பதெல்லாம் இதில் சேரும். பாதுகாப்பு பேரத்துக்கு வராது: கதவைத் தாழ் போடலாமா, அடுப்புப் பக்கம் போகலாமா, மருந்து குடிக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இதில் கண்டிப்பாக இருங்கள். யார் யாரோடு உட்காருவது, யார் ஊற்றிய தண்ணீரை யார் குடிப்பது, யார் சமைத்ததைச் சாப்பிடுவது என்பவை ஒருபோதும் ஓட்டுக்கு விடும் விஷயமில்லை. "அவன் பக்கத்துல உக்காராதன்னு எங்க பாட்டி சொல்லிச்சி" என்று மூன்று வயது சொல்வது அந்தப் பிள்ளையின் கருத்தில்லை, வீட்டின் கருத்து. அதற்கு "இங்க எல்லாரும் எல்லாரோடயும் உக்காருவோம்" என்ற ஒரே வரிதான் பதில், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே வட்டத்தில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதைவிடப் பெரிய குடிமைப் பாடம் எந்த அட்டையிலும் இல்லை. 'இவளை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளலாமா' என்பதும் இதே கணக்கு. பெருக்குவது பெண் பிள்ளை, மணி அடிப்பது ஆண் பிள்ளை என்று தானாக அமைந்துவிடுவதும் இதே கணக்குதான். வேலைகளுக்குப் படம் ஒட்டி வாராவாரம் சுற்றில் விட்டுவிடுங்கள்.

மீதி எல்லாம் கேட்கலாம். தண்ணீர்ப் பானை எங்கே இருக்க வேண்டும், செருப்பை எங்கே விடுவது, தூங்கும் முன் கதையா பாட்டா, தோட்டத்தில் என்ன விதைப்பது, உடைந்த பொம்மையை என்ன செய்வது. வாரத்துக்கு ஒன்று போதும். கேட்கும் முன் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளைகள் எதைச் சொன்னாலும் என்னால் செய்ய முடியுமா? முடியாது என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். கீரைதான் விதைக்கப் போகிறீர்கள் என்று முடிவாகிவிட்டால் "என்ன விதைக்கலாம்" என்று கேட்காமல், "கீரையை எந்தப் பக்கம் விதைக்கலாம்" என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் தொடங்குவது சுலபம், தினமும் நடப்பதால். சின்னக் கரண்டியில் பரிமாறுங்கள். முதலில் இரண்டு கரண்டி, பிறகு பிள்ளை கேட்டால் மேலும் ஒன்று. போதும் என்றால் தட்டின் மேல் உள்ளங்கையை விரித்துக் காட்டட்டும். பேச்சு வராத பிள்ளைக்கும் இது கைவரும். முட்டையைக் கொடுப்பதா வேண்டாமா என்பது கேள்வியில்லை, யார் உரிப்பது என்பது கேள்வி. ஒரு எச்சரிக்கை: மாதாந்திர எடையில் சரிந்துகொண்டு வரும் பிள்ளை தினமும் இரண்டாவது கரண்டியிலேயே கையை விரித்தால், 'அதன் விருப்பம்' என்று விட்டுவிடாதீர்கள். பசி மங்கிப்போவதே சத்துக்குறைவின் ஓர் அடையாளம். அங்கே முதிர்ச்சிக்கேற்ற மதிப்பு என்பது உங்கள் பக்கம் சாயும்.

அடுத்தது வட்டம். 25 பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பாயைப் பிய்ப்பார்கள். உதவியாளர் மற்றவர்களை மணலுக்கு அழைத்துப் போகட்டும்; வட்டத்தில் 8 முதல் 10 பேர், 10 நிமிடம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு கொட்டாங்குச்சியைச் சுற்றில் விடுங்கள், அது யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சு. பேச விருப்பமில்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம், கேள்வி கிடையாது. நீங்கள் கேட்டுவிட்டு மனதுக்குள் 1 முதல் 10 வரை மெதுவாக எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு அந்த 10 எண்ணுவது பெரும்பாடு. மூன்று எண்ணுவதற்குள் "சொல்லு, சொல்லு, அதானே?" என்று பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொரு பொறி இருக்கிறது. "கதை வேணுமா, பாட்டு வேணுமா?" என்று கேட்டால் இந்த வயதில் பலர் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்வார்கள். அதையே திருப்பி, "பாட்டா, கதையா?" என்று கேட்டுப் பாருங்கள், பதிலும் திரும்பினால் அது விருப்பமில்லை, எதிரொலி. இரண்டையும் கண்முன் வையுங்கள், கதைப் புத்தகம் ஒரு பக்கம், கஞ்சிரா ஒரு பக்கம். கை எதன்மேல் போகிறதோ அதை நம்பலாம்.

பழைய வட ஆற்காட்டில் மொழியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எடுத்தால் உருது பேசும் வீடுகள். குடியாத்தம், காட்பாடி எல்லைப்புற ஊர்களில் தெலுங்கு வீடுகள். தமிழ் நடக்கும் அறைக்கு வந்த புதிதில் இந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. 'அமைதியான பிள்ளை, எது கொடுத்தாலும் சரி' என்று எழுதிவிடாதீர்கள். பணியாளருக்கு மூன்று மொழியும் தெரிய வேண்டும் என்று கேட்க முடியாது, ஆனால் மூன்று 'வேண்டாம்' தெரிந்தே ஆக வேண்டும்: வோணாம், நக்கோ, வத்து. மறுக்கும் சொல் புரியாத பெரியவரிடம் பிள்ளைக்குக் கடைசியில் அழுகைதான் மொழியாக மிஞ்சும்.

வாயால் வராததைக் காலாலும் கண்ணாலும் கேட்கலாம். இங்கிலாந்தில் அலிசன் கிளார்க்கும் பீட்டர் மாஸும் 2001இல் எழுதிய மொசைக் முறை இதுதான்: பிள்ளையை வழிகாட்டியாக்கி நீங்கள் பின்னால் போவது. அங்கன்வாடிப் பதிவுகளை ஏற்றும் போஷன் டிராக்கர் செயலிக்காக வைத்திருக்கும் செல்போனே போதும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, ஆறு படம். "உனக்குப் பிடிச்ச இடம், பிடிக்காத இடம் காட்டு" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நடங்கள். படம் ஆடிப்போயிருக்கும், பாதி விரலாக இருக்கும், பரவாயில்லை. பிறகு அதைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். கழிப்பறைக் கதவின் மேற்பாதி இருட்டையே மூன்று முறை எடுத்திருந்தால், அந்தப் பிள்ளை ஏன் அங்கே போக மறுத்துக் கால்சட்டையை நனைக்கிறது என்பது தெரிந்துவிடும். "அங்க இருட்டா கீது, டீச்சர்" என்று பிறகு வாய்விட்டும் சொல்லும். படங்களை அங்கேயே பேசி முடித்து அழித்துவிடுங்கள். மற்ற பிள்ளைகளின் முகம் இருக்கும் எதுவும் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகக் கூடாது.

ஓட்டெடுப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் ஆசையாகச் செய்வதும் தவறாகச் செய்வதும் அதைத்தான். கை தூக்கச் சொன்னால் முதல் கையைப் பார்த்து மற்றக் கைகள் எழும். முடிவு முதலில் தூக்கியவருடையது, பெரும்பாலும் அது வகுப்பின் பெரிய பிள்ளை. ஒளித்துப் போட வழி செய்யுங்கள். புளியங்கொட்டை, கூழாங்கல் வேண்டாம், இரண்டு மூன்று வயதுகள் மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பூவரச இலை கொடுங்கள், சுலபத்தில் கிழியாது, விழுங்குவதும் கஷ்டம், மிஞ்சினால் பீப்பி ஊதலாம். தேர்வு இரண்டுதான், ஐந்து வயதானவர்கள் மட்டும் என்றால் மூன்று. இரண்டையும் முன்கூட்டியே ஒவ்வொரு நாள் செய்து பார்த்திருக்க வேண்டும்: பானை திங்களன்று ஜன்னல் ஓரம், செவ்வாயன்று கதவு ஓரம். அனுபவிக்காத ஒன்றைப் பிள்ளையால் தேர்ந்தெடுக்க முடியாது. பீரோவுக்குப் பின்னால் உள்ளே தெரியாத இரண்டு குடங்கள் அல்லது வாளிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் அந்த இடத்தின் படம். ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரட்டும்.

எண்ணும்போதுதான் நுணுக்கம். இலைகளை இரண்டு வரிசையாகத் தரையில் பரப்பினால், ஏறக்குறைய ஆறு வயது வரை பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டார்கள், வரிசையின் நீளத்தைப் பார்ப்பார்கள். இடைவெளி விட்டு வைத்த 9 இலை, நெருக்கி வைத்த 14 இலையைவிட 'நெறைய' என்று சத்தியம் செய்வார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடும். அதனால் முதலிலேயே சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போல இரண்டு வரிசைக் கட்டம் போடுங்கள், எல்லாக் கட்டமும் ஒரே அளவு. கட்டத்துக்கு ஓர் இலை, இந்தப் பக்கம் ஒன்று வைத்தால் அந்தப் பக்கம் ஒன்று. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் எந்தப் பக்கம் மிஞ்சுகிறது என்று கண்ணால் தெரியும்.

தோற்ற பக்கத்தை என்ன செய்வது? கைதட்டி வென்றவர்களைப் பாராட்டாதீர்கள், இது கபடி இல்லை. 14 பேர் ஜன்னல், 9 பேர் கதவு என்றால், இந்த மாதம் ஜன்னல், அடுத்த மாதம் கதவு என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அல்லது அந்த 9 பேர் ஏன் ஜன்னலை வேண்டாம் என்றார்கள் என்று கேளுங்கள். "ஜன்னலாண்ட வெயிலு, தண்ணி சுடுது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது ஓட்டைவிடப் பெரிய விஷயம்; பங்குனி தொடங்கியபின் வேலூர் வெயிலில் அந்த ஒரு குரல் 14 இலையையும் வென்றுவிடும், வெல்லவும் வேண்டும். ஒரே கூட்டணி எப்போதும் வெல்கிறது என்று தெரிந்தால் ஓட்டெடுப்பையே இரண்டு மாதம் நிறுத்திவிட்டுப் பேசி முடிவெடுக்கும் பழக்கத்துக்குத் திரும்புங்கள்.

விதிகளைப் பிள்ளைகளே போடட்டும் என்பார்கள். போடட்டும், மூன்று அல்லது நான்கு. தண்டனையை மட்டும் அவர்கள் கையில் விடாதீர்கள். "கடிச்சா என்ன செய்யலாம்" என்று கேட்டால், "அட்ச்சி வெளிய துரத்தணும்" என்று ஒரே குரலில் வரும். எங்கேயோ பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். "கடிச்சா வலிக்குது, வலிச்ச பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேள்வியைத் திருப்புங்கள். தண்ணி, ஊதிவிடுவது, பக்கத்தில் உட்காருவது என்று பதில் வேறு திசையில் வரும்.

எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது சுவரில் ஒரு சார்ட். இரண்டு பத்தி: 'சொன்னோம்', 'நடந்தது'. சொன்னதைப் பிள்ளையே வரைந்து ஒட்டட்டும், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள். நம் கண் மட்டத்தில் ஒட்டினால் அது மேற்பார்வையாளருக்கான சார்ட் ஆகிவிடும். சின்ன விஷயத்துக்கு இரண்டு நாளுக்குள் எதிர்ப்பத்தி நிரம்ப வேண்டும். நாலு வயதுக்கு 'அடுத்த மாசம்' என்று ஒரு காலமே கிடையாது. செய்ய முடியாவிட்டால் ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்லி, அதற்கும் ஒரு படம் ஒட்டுங்கள். "ஊஞ்சல் கேட்டீங்க, மரம் இல்லாததால கட்ட முடியல, அதுக்குப் பதிலா டயர் உருட்டலாம்." முடியாது என்பதும் பதில்தான், பதிலே வராததுதான் கெடுதல்.

அறைக்கு வெளியே போவது ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு. 8 பிள்ளைகள், 3 பெரியவர்கள் (இரண்டு தாய்மார்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்), 200 மீட்டர், 20 நிமிடம். வெயில் ஏறும் முன் திரும்பிவிட வேண்டும். ஒரு கயிற்றில் இரண்டு அடிக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு கை. பிடித்த இடத்தில் சாக்பீஸால் வட்டம், பிடிக்காத இடத்தில் பெருக்கல் குறி. பிள்ளை குறி போட்ட இடத்தில் நீங்களும் குந்திப் பாருங்கள். நாலு வயதுப் பிள்ளை சுமார் ஒரு மீட்டர் உயரம். அங்கிருந்து தெரியும் தெரு வேறு. மூடாத கால்வாய்ப் பலகையின் இடைவெளி, முழங்காலைச் சுடும் பைக் சைலன்சர், நாய்க்கும் பிள்ளைக்கும் முகம் நேருக்கு நேர். 'ஊரை அழகாக்குவோம்' என்று நீங்கள் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஆட்டுக்குட்டி கட்டியிருக்கும் இடத்துக்கு மூன்று வட்டம் விழும்.

பெருக்கல் குறிகளில் ஒன்றை மட்டும் எடுங்கள், பணம் குறைவாகப் பிடிக்கும் ஒன்றாக: ஒரு பலகை, ஒரு தெருவிளக்கு. வார்டு உறுப்பினரை அங்கன்வாடிக்குக் கூப்பிடுங்கள், பிள்ளைகளை அலுவலகத்துக்கு இழுத்துப்போகாதீர்கள். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் பிள்ளைகள் கையில் மனுவைக் கொடுத்துப் படம் எடுப்பது ஹார்ட்டின் முதல் படி, கருவியாக்குவது. உறுப்பினர் வந்தால் பாயில் உட்காரட்டும். நாற்காலி போட்டால் பிள்ளைகள் வணக்கம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வாக்குறுதி வேண்டாம், ஒரு தேதி போதும். அவர் வராவிட்டால் கிராமசபை இருக்கிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. பிள்ளைகள் வரைந்த படத்தோடு ஒரு தாய் போய்ப் பேசட்டும், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லட்டும், திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று பிள்ளைகளிடம் ஒப்பிக்கட்டும். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தலைமேல் ஏறுமா என்ற கேள்விக்கு: முதல் மூன்று வாரம் ஏறும். எதைக் கேட்கலாம் என்று பிள்ளைகள் எல்லை தேடுவார்கள், எல்லாவற்றுக்கும் "ஓட்டு போடலாம் டீச்சர்" என்பார்கள். உங்கள் 'இது கேட்கும் விஷயமில்லை' என்ற வரி நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் அடங்கிவிடும். இன்று தாழ்ப்பாள் பேரத்துக்கு இடம் கொடுத்து நாளை மறுத்தால் அடங்காது. பெற்றோர் தரப்பில் வரும் முணுமுணுப்பு வேறு: "பக்கத்து நர்சரியில ஏபிசிடி எழுதுது, இங்க இலை பொறுக்கிகினு கீது." வாதாடாமல் ஒரு நாள் அவர்களை எண்ணும் கட்டத்தருகே உட்கார வையுங்கள். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, அதிகம் குறைவு, காரணம் சொல்வது, காத்திருப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் கேட்பதற்கும் இதற்கும் பகையில்லை. தனி நேரம் ஒதுக்க வேண்டியதும் இல்லை.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்ததும் போன ஆண்டு விதி அட்டையைக் கழற்றிவிடுங்கள். நன்றாக இருக்கிறதே, லேமினேட் கூடப் பண்ணியாச்சே என்று தோன்றும். புதிதாக வந்த மூன்று வயதுக்கு அது இன்னொரு பெரியவர் ஒட்டிய காகிதம்தான். பழைய பிள்ளைகள் நாலு பேரை முன்னால் உட்கார வைத்து, பானை ஏன் கதவோரம் வந்தது என்று புதியவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: இந்த வருஷம் எங்க வைக்கலாம்?